வெட்டுண்டவளின் பக்கம்: விஷுவல் நாவல்களில் பழங்காலத் தேவியர்

முதலில் ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். சண்டை நடந்துகொண்டிருக்கிறது. கண்களை மறைத்துக் கட்டிய நெடிய பெண் ஒருத்தி, கால்வரை புரளும் ஊதாக் கூந்தலோடு நிற்கிறாள். கையில் சங்கிலி பூட்டிய, பெரிய ஆணி மாதிரியான கத்தி. அதை அவள் எதிராளி மேல் வீசவில்லை, தன் கழுத்திலேயே செருகிக்கொள்கிறாள். பீறிட்ட ரத்தம் தரையில் விழாமல் காற்றிலேயே சுழன்று ஒரு மந்திரச் சக்கரமாகிறது. அதற்குள்ளிருந்து சிறகு முளைத்த வெள்ளைக் குதிரை பாய்ந்து வருகிறது.

கிரேக்கப் புராணம் தெரியாதவருக்கு இது மிரட்டலான ஒரு மாயக்காட்சி. தெரிந்தவருக்கு உடம்பு சிலிர்த்துவிடும். பெர்சியஸ் என்ற வீரன் மெடூசாவின் தலையை வெட்டியபோது, அந்தக் கழுத்திலிருந்துதான் பெகாசஸ் என்ற சிறகுக் குதிரை பிறந்தது. அப்படியானால் இந்தப் பெண் தன் சாவையே மறுபடி நடத்திக் காட்டி அதை ஆயுதமாக்குகிறாள். அவள் பெயர் என்ன என்று கதை இன்னும் சொல்லவில்லை. புராணம் தெரிந்தவர் அந்த ரத்தத்திலேயே பெயரைப் படித்துவிடுவார்.

இது 2004 ஜனவரியில் ஜப்பானில் வெளியான ‘ஃபேட்/ஸ்டே நைட்’ என்ற விஷுவல் நாவலில் வரும் காட்சி. எழுதியவர் கினோகோ நாசு, படங்கள் தகாஷி தகேயுச்சி, வெளியிட்டது அவர்களுடைய டைப்-மூன் நிறுவனம். பெரியவர்களுக்கு மட்டும் என்ற முத்திரையோடு விற்பனைக்கு வந்தது. பழங்காலத் தேவியரின் கதை இந்த வகைப் படைப்புகளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று புதிதாக ஒருவர் கேட்டால், நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். எந்தத் தேவியின் படத்தைப் போட்டார்கள் என்பதைவிட, அவள் கதையை யார் பக்கத்திலிருந்து சொன்னார்கள் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

விஷுவல் நாவல் என்றால்

திரையில் ஒரு பின்னணி ஓவியம். அதன்மேல் நிற்கும் கதாபாத்திரங்கள். கீழே ஒரு பெட்டியில் எழுத்து வரி வரியாக வரும். கிளிக் செய்யச் செய்யக் கதை நகரும். கூடவே இசையும் சில சமயம் குரலும் இருக்கும். விளையாட்டு என்று சொன்னாலும் பெரும்பாலான நேரம் நீங்கள் படித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். ஆங்காங்கே கதை நின்று உங்களிடம் கேட்கும்: பின்தொடர்ந்து போகலாமா, வீட்டுக்குத் திரும்பலாமா? நீங்கள் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். அந்தக் கிளையைத்தான் ரூட் என்கிறார்கள். ஒரு ரூட்டில் நண்பனாக இருப்பவன் இன்னொன்றில் கொலைகாரனாக இருக்கலாம். இரண்டுமே அந்தக் கதைக்குள் உண்மைதான்.

ஜப்பானில் 1992-இல் சுன்சாஃப்ட் நிறுவனம் ‘சவுண்ட் நாவல்’ என்ற பெயரில் இந்தப் பாணியைக் கொண்டுவந்தது. 1996-இல் லீஃப் என்ற நிறுவனம் தன் தொடருக்கு ‘விஷுவல் நாவல்’ என்று பெயர் வைக்க, அதுவே வகையின் பெயராக ஒட்டிக்கொண்டது.

18+ முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. கணினிக்கென்று வந்த விஷுவல் நாவல்களில் கணிசமானவை இந்த முத்திரையோடு வந்தவைதான். நாலைந்து பேர் சேர்ந்து நீண்ட கதை ஒன்றை எழுதி விற்கக்கூடிய சந்தை அங்கேதான் இருந்தது. ஆகவே பாலியல் காட்சிகளையே நம்பி ஓடுபவையும் அங்கே உண்டு, ஆயிரம் பக்கம் தாண்டும் கதையில் அது ஒரு சிறு பகுதியாக மட்டும் இருப்பவையும் உண்டு. ‘ஃபேட்’ இரண்டாவது ரகம். 2007-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த பதிப்பில் அந்தக் காட்சிகளை எடுத்துவிட்டு வேறு காட்சிகளை வைத்தார்கள். கதை நொண்டவில்லை. அதைத் தாங்கி நிறுத்தியிருந்தது புராணம்.

பெயரை மறைக்கும் சண்டை

கதையின் சட்டகம் எளிது. ஃபுயுகி என்ற நகரத்தில் ஏழு மந்திரவாதிகள் ஆளுக்கொரு பழங்கால வீரரின் ஆவியை வரவழைத்து மோதவிடுகிறார்கள். கடைசியில் மிஞ்சும் அணிக்கு வேண்டியது கிடைக்கும். வந்திறங்கும் வீரர்கள் தங்கள் பெயரைச் சொல்வதில்லை. வாள்காரர் சேபர், குதிரையேறி ரைடர் என்று வகைப்பெயரால்தான் ஒருவரையொருவர் குறிப்பிட்டுக்கொள்கிறார்கள்.

பெயரை ஏன் மறைக்க வேண்டும்? பெயர் தெரிந்தால் கதை தெரியும். கதை தெரிந்தால் எதில் செத்தான் என்பதும் தெரிந்துவிடும். குதிகாலில் அம்பு பட்டுச் செத்தவனின் பெயர் வெளியே வந்தால் எல்லோரும் குதிகாலுக்குத்தானே குறிவைப்பார்கள்! புராண அறிவு இங்கே ஒற்றர் வேலை பார்க்கிறது. வாசகரும் கதைக்குள் இருப்பவர்களோடு சேர்ந்து துப்புத் துலக்குகிறார். இவ்வளவு சுலபமாக, பாடம் நடத்தாமல், ஒருவரைப் பழைய நூல்களைப் புரட்ட வைக்கும் உத்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ரைடரைப் பற்றிக் கதை விட்டுவைக்கும் துப்புகளைப் பாருங்கள். கண்கட்டு: பார்வை பட்டால் ஆள் கல்லாகிவிடுவான், அதனால் அது பூட்டி வைத்த பார்வை. சிறகுக் குதிரை: அவள் பெற்ற பிள்ளை. அதை ஓட்ட அவள் எடுக்கும் பொன் கடிவாளத்தின் பெயர் பெல்லரஃபோன். கிரேக்கக் கதையில் அதீனா தேவி தந்த பொன் கடிவாளத்தைப் பூட்டிப் பெகாசஸை அடக்கியவன் பெயர் அது. அதாவது தன் மகனை அடக்கியவனின் பெயரைச் சொல்லித்தான் ஒரு தாய் அவனையே ஏறி ஓட்டுகிறாள். அவள் ஒரு கட்டடத்தைச் சூழ்ந்து எழுப்பி உள்ளே இருப்பவர்களைக் கரைக்கும் ரத்தக் கோட்டைக்கு ஆண்ட்ரோமெடா என்று பெயர். மெடூசாவைக் கொன்றுவிட்டுத் திரும்பும் வழியில் பெர்சியஸ் காப்பாற்றி மணந்துகொண்டவள் அவள். இப்படி ஒவ்வொரு பெயரும் ஒரு பழைய காயத்தின் மேல்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

எல்லாப் பெயரும் இவ்வளவு பொருத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லாக்கும் அவள் கண்களுக்குச் சைபலே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சைபலே அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கிப் பகுதியின், மலைத்தாய். கி.மு. 204-இல் அவளுடைய புனிதக் கல்லை ரோமுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். மெடூசாவின் பழைய கதையில் அவளுக்கு இடமில்லை. விளையாட்டு செய்த ஒட்டு வேலை இது. இந்த மாதிரி இடத்தில் புதியவர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்: கதைக்குள் பொருந்துகிறது என்பதற்காக வரலாற்றிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு மெடூசா இல்லை

சரி, வரலாற்றில் மெடூசா யார்? எந்த மெடூசா என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

சுமார் கி.மு. 700-இல் ஹீசியட் எழுதிய ‘தியோகனி’யில், கடல் தெய்வங்களான ஃபோர்கிஸ், கீட்டோ இருவருக்கும் பிறந்த மூன்று சகோதரிகள் வருகிறார்கள்: ஸ்தென்னோ, யூரியாலே, மெடூசா. பெருங்கடலுக்கு அப்பால், இரவின் விளிம்பில் அவர்கள் வீடு. மற்ற இருவருக்கும் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. மெடூசா மட்டும் சாகக்கூடியவள். வசந்தகாலப் பூக்கள் நிறைந்த மென்புல்வெளியில் கடல்தெய்வம் பொசைடன் அவளோடு கூடினான் என்று சொல்லிவிட்டு, பெர்சியஸ் தலையை வெட்டியதையும் கழுத்திலிருந்து பெகாசஸும் கிறைசாவோர் என்பவனும் வெளிவந்ததையும் ஹீசியட் சொல்கிறார். சாபம் என்ற பேச்சே இல்லை. எண்ணிப் பார்த்தால் பதினைந்து வரிகூட வராது.

ஏறத்தாழ அதே நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய மண்தாழி ஒன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரேக்கத்தின் பியோஷியா பகுதியைச் சேர்ந்தது. அதில் மெடூசா பெண்ணுருவத்தோடு நிற்கிறாள், ஆனால் இடுப்புக்குப் பின்னால் குதிரை உடம்பு நீண்டு போகிறது. தலையில் பாம்பு இல்லை. பெர்சியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவள் கழுத்தில் வாளை வைக்கிறான். முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தபோது, அவளைக் குதிரையேறியாக்கியது ஏதோ தற்செயல் என்று நினைத்திருந்த என் எண்ணம் மாறிப்போனது. குதிரை அவளோடு அவ்வளவு பழைய காலத்திலேயே இருக்கிறது.

கோர்ஃபு தீவின் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பில் சுமார் கி.மு. 580-இல் செதுக்கப்பட்டவள் இன்னொரு விதம். ஆளுயரத்தைவிடப் பெரிய உருவம், பிதுங்கிய கண், நீட்டிய நாக்கு, இடுப்பில் முடிச்சிட்ட பாம்புக் கச்சை. இருபுறமும் அவள் பிள்ளைகள். இங்கே அவள் காவல்காரி. கேடயத்தில், கூரை ஓட்டில், குடிக்கும் கிண்ணத்தின் அடியில் என்று கிரேக்கர்கள் அவள் முகத்தைப் பதித்து வைத்தது கெட்டது அண்டாமல் இருக்கத்தான். நம்மூரில் கட்டி முடிக்காத வீட்டு முகப்பில் தொங்கும் திருஷ்டி பொம்மையின் வேலைதான் அதற்கும். மெடூசா என்ற கிரேக்கச் சொல்லுக்கே ‘ஆள்பவள், காப்பவள்’ என்று பொருள்.

கி.மு. 490-இல் கவிஞர் பிண்டார் அவளை அழகிய கன்னங்கள் உடையவள் என்கிறார். அதற்கும் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, கி.பி. 8 வாக்கில் ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதும்போதுதான் இன்று பலரும் சொல்லும் கதை முழு வடிவில் கிடைக்கிறது: பலரும் விரும்பிய பேரழகி, கோயிலுக்குள் வைத்து அவளைக் கெடுத்த கடல்தெய்வம், தவறு செய்தவனை விட்டுவிட்டு அவள் கூந்தலைப் பாம்பாக்கிய தேவி. அதையும் யார் வாயால் சொல்ல வைக்கிறார் தெரியுமா? அவளை வெட்டிய பெர்சியஸின் வாயால், அவனுடைய திருமண விருந்தில்.

லிபியாவில் அவள் பெரும் தாய்த்தெய்வமாக இருந்தாள், ஆணாதிக்கம் வந்து அவளை அரக்கியாக்கியது என்று அடித்துச் சொல்லும் பதிவுகளை இணையத்தில் நிறையப் பார்ப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கான சான்று மிக மெலிது. கையில் இருக்கும் ஹீசியட்டும் தாழியும் கோயில் முகப்புமே போதுமான அளவு விநோதமானவை. அவற்றை வைத்துக்கொண்டே பேசலாம்.

பாடபேதமே ரூட்

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டோம். புராணத்துக்கு ஒரே பிரதி என்று எப்போதும் இருந்ததில்லை. புல்வெளியில் நடந்த கதை ஒன்று, கோயிலுக்குள் நடந்த கதை ஒன்று, காவல்காரி ஒருத்தி, சாபம் பெற்றவள் ஒருத்தி. பாடபேதங்களோடு வாழ்ந்து பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அச்சு நாவலோ திரைப்படமோ இவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தாக வேண்டும். விஷுவல் நாவலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நம்மை நடக்க வைக்கும்.

‘ஃபேட்’டில் மூன்று ரூட்டுகள். வரிசையாகத்தான் திறக்கும். (இனி வருவது கதையைச் சொல்லிவிடும். வேண்டாதவர்கள் அடுத்த உட்தலைப்புக்குப் போய்விடலாம்.)

முதல் ரூட்டில் ரைடர் வெறும் எதிரி. குதிரையில் ஏறி வானத்திலிருந்து பாய்கிறாள், சேபரின் வாளொளியில் கரைந்துபோகிறாள். இது பெர்சியஸ் சொன்ன கதை மாதிரி: அரக்கி வந்தாள், வீரர் வென்றார். இரண்டாவதில் அவளுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. ஆரம்பத்திலேயே கொல்லப்பட்டு, கதைக்கு வெளியே போய்விடுகிறாள்.

மூன்றாவது ரூட்டில்தான் அவள் வாய் திறக்கிறாள். அவளை உண்மையில் வரவழைத்தவள் யார் என்பது அப்போதுதான் தெரிகிறது. பிறர் செய்த கொடுமையால் மெல்ல மெல்ல அரக்கியாகிக்கொண்டிருக்கும் ஒரு பெண். இருவரின் விதியும் ஒன்றுபோல இருந்ததால்தான் ஏழு வீரர்களில் இவள் அவளிடம் வந்து சேர்ந்தாள். தன்னைக் காப்பாற்ற அன்று யாரும் வராததை அறிந்த ஒருத்தி, இன்று இன்னொருத்திக்குக் காவல் நிற்கிறாள். கோர்ஃபு முகப்பில் நின்ற காவல்காரி திரும்பி வந்துவிட்டாள்.

கடைசிப் பகுதியில் அவள் எதிர்கொள்வது முதல் ரூட்டில் தன்னைக் கொன்ற அதே வாளை. அதே குதிரை, அதே கடிவாளம், எதிரே அதே ஒளி. இந்த முறை கேடயம் பிடிக்க அவள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறான். முதல் ரூட்டைப் படித்தவருக்கு மட்டும்தான் அந்த மோதலின் கனம் தெரியும். ஒரே நேர்கோட்டில் ஓடும் கதையால் இதைச் செய்யவே முடியாது. ஒரு கதையில் செத்தவள், அந்தச் சாவை வாசகர் நினைவில் வைத்திருக்க, வேறொரு கதையில் பிழைக்கிறாள்.

2005-இல் வந்த தொடர்ச்சியான ‘ஃபேட்/ஹாலோ அட்டராக்ஸியா’வில் மூன்று சகோதரிகளின் தீவுக் கதை வருகிறது. மூத்த இருவரும் மாறாத அழகுத் தேவியர். கடைக்குட்டி மட்டும் வளர்கிறாள், நெடிதுயர்ந்துவிடுகிறாள். அக்காமார் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வதால் தன் உயரத்தை நினைத்தே கூசுகிறாள். மெடூசாவைக் கொன்று பேர் வாங்கலாம் என்று தீவுக்கு வருகிற ஆட்களிடமிருந்து அக்காமாரைக் காக்கக் காக்க, அவள் உருவம் மெல்லக் கெடுகிறது. கடைசியில் காத்த கைகளே அவர்களை விழுங்கிவிடுகின்றன.

இந்தத் துயரம் முழுவதும் எங்கிருந்து வந்தது? இரண்டு பேருக்கு மூப்பும் சாவும் இல்லை, ஒருத்திக்கு மட்டும் உண்டு என்று ஹீசியட் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன வாக்கியத்திலிருந்து. 2,700 ஆண்டுகளாக அந்த வரி அங்கேயே கிடந்தது. கூடப்பிறந்தவர்கள் அப்படியே இருக்க, தனக்கு மட்டும் வயதாகும் ஒரு பெண்ணின் வீடு எப்படி இருந்திருக்கும் என்று ஒருவர் நின்று யோசித்திருக்கிறார். புராணத்தை நன்றாகக் கையாள்வது என்று நான் சொல்வது இதைத்தான்.

கீழுலகின் ஏழு வாசல்கள்

இதே குடும்பத்தில் 2015-இல் தொடங்கிய ‘ஃபேட்/கிராண்ட் ஆர்டர்’ கைபேசி விளையாட்டு. 18+ கிடையாது. ஆனால் கதை சொல்லும் முறை விஷுவல் நாவலுடையதுதான். 2016 டிசம்பரில் வந்த அதன் ஏழாவது அத்தியாயம் மெசபடோமியாவில் நடக்கிறது. இஷ்தாரும் எரெஷ்கிகாலும் அங்கே வருகிறார்கள்.

மூலக்கதை சுமேரிய மொழியில் சுமார் 400 வரிகள். இன்றைய இராக்கில் உள்ள நிப்பூரில் கிடைத்த உடைந்த களிமண் பலகைகளில் ஒரு பங்கு இஸ்தான்புல்லிலும் ஒரு பங்கு பிலடெல்ஃபியாவிலும் இருந்தன. சாமுவேல் நோவா கிரேமர் என்ற அறிஞர் அவற்றைப் பொருத்திப் பொருத்திப் படித்தார். வானத்தின் அரசி இனன்னா (அக்காடிய மொழியில் இஷ்தார்) அக்கா எரெஷ்கிகால் ஆளும் கீழுலகுக்கு இறங்குகிறாள். ஏழு வாசல். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைப் பறிக்கிறார்கள்: தலையணி, நீலமணி மாலை, இரட்டை மணிகள், மார்பணி, பொன் வளை, அளவுகோல், கடைசியில் மேலாடை. ஏன் என்று கேட்டால், பேசாதே, கீழுலகின் விதி குறையற்றது என்று பதில். வெறும் உடம்போடு போய் நிற்பவள் பிணமாகி, கொக்கியில் மாட்டப்படுகிறாள்.

விளையாட்டிலும் இஷ்தார் ஏழு வாசலைக் கடக்கிறாள். ஒவ்வொரு வாசலிலும் அவள் உடல் சுருங்கிக்கொண்டே போய், கையளவு பொம்மையாகிவிடுகிறாள். சிரிப்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் பறிபோவது என்ற மூலத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது.

எனக்கு அதில் பிடித்தது எரெஷ்கிகாலை எழுதிய விதம். வெளியே வர முடியாமல் இருட்டில் காலங்காலமாகச் செத்தவர்களைப் பராமரிக்கும், வாய்விட்டுப் பேச ஆளில்லாத ஒரு பெண். இது புதிதாகச் சேர்த்த மென்மை என்று நினைப்பவர்கள் சுமேரியப் பாட்டின் நடுப்பகுதியைப் படிக்க வேண்டும். இனன்னாவை மீட்க ஞானத்தெய்வம் என்கி, தன் நகக்கண் அழுக்கிலிருந்து இரண்டு சிற்றுயிர்களைச் செய்து அனுப்புகிறான். அவை கீழுலகுக்குப் போகும்போது எரெஷ்கிகால் வலியில் முனகிக்கொண்டு கிடக்கிறாள். “ஐயோ, என் உள்ளே” என்கிறாள். அவை சண்டை போடவில்லை. அவள் முனகுவதையே தாங்களும் திருப்பி முனகுகின்றன. ஐயோ, உன் உள்ளே. ஐயோ, உன் வெளியே. தன் வலியைக் கேட்க யாரோ வந்துவிட்டார்கள் என்பதில் மனம் இளகித்தான், வேண்டியதைக் கேள் என்கிறாள் மரணத்தின் அரசி. அவள் தனிமை அந்தப் பலகையிலேயே இருக்கிறது.

அதே அத்தியாயத்தில், தன்னைக் கடல்தாய் தியாமத் என்று சொல்லிக்கொண்டு மனிதர்களை அழிக்க ஒருத்தி கிளம்புகிறாள். யார் என்று பார்த்தால், அக்காமாரை விழுங்கி முழு அரக்கியாகிவிட்ட நம் மெடூசா!

தொடங்க நினைப்பவருக்கு

‘ஃபேட்/ஸ்டே நைட்’ 2024 ஆகஸ்டில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையிலும் நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியிலும் ஆங்கிலத்தோடு வந்துவிட்டது. பாலியல் காட்சிகள் இல்லாத பதிப்பு அது. ஆனால் ரத்தமும், குறிப்பாக மூன்றாவது ரூட்டில் ஒரு பெண் அனுபவிக்கும் கொடுமையும் மனதைப் பிசையும், அதனால் சிறுவர்களுக்கு வேண்டாம். முழுதாகப் படிக்க ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். தவறான சாய்ஸில் கதாநாயகன் செத்துப்போனால் பதற வேண்டாம், அதற்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். அடிக்கடி சேவ் செய்துகொள்ளுங்கள்.

முன்கூட்டியே புராணம் படித்துவிட்டுப் போக வேண்டாம். முதல் ரூட்டைத் தெரியாமலேயே படியுங்கள், ரைடரை எதிரியாகவே பாருங்கள். அவள் தன் கழுத்தில் கத்தியைச் செருகும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, ஹீசியட்டின் அந்தப் பத்துப் பதினைந்து வரிகளைத் தேடி எடுத்துப் படியுங்கள், மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஓவிட்டை மூன்றாவது ரூட் முடியும் வரை திறக்காதீர்கள்.